சாம்பார்மேல் போட்ட பழி

தேர்வாய் கண்டிகையில் தொழிற்சாலை வாசலுக்கு எதிரே நாஷ்டா கடை வைத்திருக்கிறேன். தேதி போட்டு நாட்குறிப்பு எழுதுவது என் பழக்கம். அன்றன்று எத்தனை இட்லி போனது, மழையா வெயிலா, எல்லாம் அதில் இருக்கும்.

ஆடி பிறந்ததிலிருந்து, இரவு ஷிப்டு முடித்துச் சாப்பிட வருகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். சாம்பார்தான் காரணம் என்று கல்லாவில் உட்கார்ந்தபடியே முடிவு கட்டினேன். மூன்று வாரத்தில் மூன்று முறை பக்குவத்தை மாற்றச் சொன்னேன். மாஸ்டர் ஏழுமலை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அப்படியும் கூட்டம் திரும்பவில்லை. மாதக் கடைசியில் கடையை மூடிவிடுவது என்று எழுதியும் வைத்தேன்.

ஒரு வியாழக்கிழமை காலை, முன்பு தினமும் சாப்பிட வந்த மேரி என்கிற பெண் கடையைத் தாண்டி ஓடினார். கூப்பிட்டேன்.

"இன்னாம்மா, நம்ம சாம்பாரு புடிக்கலயா?"

"சாம்பாரா? அட போண்ணே! ஷிப்டு வுட்டா கம்பெனி பஸ்ஸ இப்பல்லாம் அஞ்சு நிமிசத்துல எடுத்துடறான். குந்திகினு துன்ன ஏது நேரம்? கட்டி வச்சிருந்தா வாங்கிகினு ஓடுவேன்."

உள்ளிருந்து ஏழுமலை குரல் கொடுத்தார்: "கேட்டுக்கோ மொதலாளி! பஸ்ஸு சீக்கிரம் போறதுக்கு என் சாம்பார போட்டு பேஜாரு பண்ணிகினு இருந்த!"

மறுநாள் முப்பது பொட்டலம் கட்டி கடை வாசலில் வைத்தோம். பஸ் கிளம்புவதற்குள் தீர்ந்துவிட்டது. கடையை மூடும் பேச்சு அதோடு போயிற்று. சாம்பாரும் பழைய பக்குவத்துக்கே திரும்பியது.

அன்று நாட்குறிப்பைப் புரட்டினேன். வந்தவர்கள் சாப்பிட்டதையெல்லாம் தேதிவாரியாக எழுதியிருந்தேன். வராதவர்களில் ஒருவரையும் கேட்டு எழுதியதில்லை. இப்போதெல்லாம் கூட்டம் குறைந்தால், பேனாவை எடுப்பதற்கு முன் பஸ் நிற்கும் இடம்வரை ஒரு நடை போய்விட்டு வருகிறேன்.