சிரிக்கிற எழுத்தில் கண்ணீர் அஞ்சலி

என் வீட்டுக்காரர் கோவில்பட்டியில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை பார்த்தார். பருப்புக்கும் உளுந்துக்கும் விலை அட்டை எழுதுவதும் அவர்தான். பிரஷ் முனை மார்க்கரில் எழுதுவார். குண்டு குண்டாக, கொஞ்சம் சாய்ந்து, யாரோ வாய்விட்டுச் சிரிப்பதுபோல் இருக்கும் அந்த எழுத்து. பக்கத்தில் கம்ப்யூட்டர் வைத்துக் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொடுப்பவர் அதில் மயங்கி, எல்லா எழுத்தையும் எழுதி வாங்கி, ஸ்கேன் செய்து ஃபாண்ட் ஆக்கிவிட்டார். இனி யார் தட்டினாலும் இவர் கையெழுத்து வருமாம். "நான் உறங்கையிலயும் என் கை எழுதும், பாத்துக்கோ" என்று வீட்டில் ஒரே பீற்றல்.

அந்த வருஷமே கயத்தாறு ரோட்டில் லாரி மோதிச் செத்துப்போனார். மகள் அப்போது என் வயிற்றில். கம்ப்யூட்டர்காரர் பாசத்தில் செய்தார், குறை சொல்ல மாட்டேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டரை அந்த எழுத்திலேயே அடித்துவிட்டார். தன் சாவைத் தானே ஊருக்குச் சொல்லிச் சிரித்துக்கொண்டு சுவர் சுவராக நின்றார் மனுஷன். நான் தலையைக் குனிந்துகொண்டே தெருவில் நடந்தேன். ஊருக்கு அது பிடித்துப்போய்விட்டது. அப்புறம் பசுவந்தனை, புதூர் என்று எங்கே யார் செத்தாலும் அந்த எழுத்துதான்.

என் தம்பிக்கு அதில் பெருமை. மகளை சைக்கிளில் வைத்துப் போகிற வழியெல்லாம், "ஏட்டி, இங்கன பாரு, உங்கப்பா எழுத்து" என்று போஸ்டரைக் காட்டுவான். அப்பன் முகம் பார்க்காத பிள்ளைக்கு வேறு எதைக் காட்டுவான், பாவம். ஒன்றாம் வகுப்புக்குப் போனதும் அவள் அந்தப் பெயர்களை எழுத்துக் கூட்டி வாசித்தாள். இதெல்லாம் யார் என்று கேட்டாள். "செத்துப்போனவிய" என்றான்.

காதுகுத்து வந்தது. தாய்மாமன் சும்மா இருப்பானா? குலதெய்வக் கோயில் வாசலில் ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் கட்டினான். மேலே அவள் படம், கீழே அவள் பெயர், அதே எழுத்தில். பிள்ளைக்குப் பெயர் வைப்பதற்குள் போய்விட்டவர் அவர். அவர் கையெழுத்தில் அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தொட்டுக்கூடப் பார்த்தேன்.

மகள் எழுத்துக் கூட்டினாள். பாவாடையோடு மூத்திரம் போய்விட்டது.

"எம்மா, அப்பா எம் பேரையும் எழுதிட்டாவ."

தம்பி ஓடிவந்து, "நான் வச்சதுட்டி, மாமா வச்சது" என்று கெஞ்சினான். அவள் காதில் ஏறவில்லை. என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "எனக்கு வேண்டாம்னு அப்பாட்ட சொல்லும்மா" என்று அலறினாள்.

கிடா வெட்ட வைத்திருந்த அரிவாளை எடுத்தேன். படத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் அறுத்தேன். அறுக்கும்போதே, "போதும், இவளையாவது விட்டுருங்க" என்று சத்தமாகச் சொன்னேன். பிள்ளை பயம் தெளியத்தான் அப்படிச் சொன்னேன் என்று சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். நான் அவரிடம்தான் சொன்னேன்.