புளியங்கொட்டைப் பசையில் ஒட்டிய விமானம்

நேற்றுக் காலை பால் வாங்கப் போனபோது, எங்கள் மாம்பலம் தெருமுனையில் ஓர் ஆள் பொதுக்கூட்டச் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். காலடியில் பசை வாளி. இரண்டு நாள் பழசு போலிருக்கிறது, அப்படியொரு புளித்த வாடை. பாலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். வயதாகிவிட்டது, பித்தம் என்றாள் மனைவி. பித்தமெல்லாம் இல்லை. பசை வாடை வந்தால் எனக்கு ரங்கு ஞாபகம் வந்துவிடும், ரங்கு ஞாபகம் வந்தால் சாப்பாடு இறங்காது.

முப்பதுகளின் தொடக்கம். நான் தேனாம்பேட்டையிலிருந்து சைக்கிளில் என்ஜினீயரிங் காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்தேன். இப்போது பிள்ளைகள் விமானப் படிப்பு என்றே தனியாகப் படிக்கிறார்களாம். எங்களுக்குப் பாலம் கட்டவும் பாய்லர் ஓட்டவும் சொல்லிக்கொடுத்தார்கள். பாடத்தில் விமானம் என்ற சொல்லே கிடையாது. அதனாலேயே அதன்மேல் எங்களுக்குப் பைத்தியம். ஐந்தாறு பேர் சேர்ந்து ஆகாய விமான மாணவர் சங்கம் என்று ஒன்று ஆரம்பித்தோம். எஞ்சின் இல்லாமல் காற்றில் மிதந்து இறங்கும் கிளைடர் ஒன்றை நாங்களே செய்து பறப்பதுதான் நோக்கம். எஞ்சினுக்கு வக்கில்லை என்பதைத்தான் அத்தனை கம்பீரமாகச் சொல்லிக்கொண்டோம்.

காரியதரிசி ரங்கு. மயிலாப்பூர் லஸ் பக்கம் பெரிய பங்களா, அப்பா வக்கீல். அவர்கள் வீட்டு மோட்டார் கொட்டகைதான் எங்கள் பட்டறை. சங்கத்தில் இன்னொருவன் சவரிமுத்து, என் வகுப்புத் தோழன். சாந்தோம் கடற்கரைக் குப்பத்துப் பையன். அப்பா கட்டுமரத்தில் போகிறவர், அம்மா மீன் விற்பவள். பாதிரிமார் உதவியில் படித்துக் காலேஜ்வரை வந்திருந்தான். அந்தக் குப்பத்திலிருந்து வந்த முதல் என்ஜினீயர் ஆகியிருக்க வேண்டியவன். எங்களுக்கு விமானம் பொழுதுபோக்கு. அவனோ வகுப்பு நடக்கும்போதே ஜன்னல் வழியாகப் பருந்தைப் பார்த்துக்கொண்டு திட்டு வாங்குவான்.

இறக்கைக்குள்ளே மெல்லிய மரத்தால் விலா எலும்பு மாதிரி சட்டங்கள் வரும். அவற்றை ஒட்டத் தச்சர்களின் வச்சிரப் பசையைக் காய்ச்சினோம். மாட்டுத்தோலிலிருந்து எடுப்பது. அது கொதிக்கும்போது வருகிற நாற்றத்தை நல்ல தமிழில் எழுத முடியாது. நான் மூக்கைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டுதான் கிளறுவேன். கறி தின்கிற வீட்டுப் பிள்ளை என்ற வீராப்பெல்லாம் அந்தச் சட்டியிடம் செல்லாது.

மூன்றாம் நாள் ரங்கு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"ஆத்துல எல்லாரும் குளிச்சுண்டே இருக்கா. இது மாட்டுத்தோல்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே இந்தச் சட்டி உள்ள வரப்படாது."

சவரி உடனே ஒரு வழி சொன்னான். "எங்க நைனா வலை வெக்கிற கொட்டாய் கீது. அங்க வந்து காய்ச்சலாம், யாரும் ஒண்ணியும் சொல்ல மாட்டாங்க."

எல்லோரும் கூட்டிக் கழித்துப் பார்த்தோம். குப்பத்துக்குப் போவதா? மீன் வாடைக்கு நடுவில் உட்காருவதா? போனது வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆவது? பிறகு ரங்குவே அறிவித்தான், புளியங்கொட்டைப் பசை போதும், அது சுத்தம் என்று. கடற்காற்றில் அது இளகும், மனிதன் உட்காரப்போகும் வண்டி என்று நான் கத்தினேன். ஓட்டுக்கு விட்டார்கள். நானும் சவரியும் ஒரு பக்கம், மற்றவர்களெல்லாம் சுத்தத்தின் பக்கம். மொட்டைமாடி வெயிலில் ஒரு சட்டத்தைக் காயவைத்துச் செங்கல் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். தாங்கியது. நல்ல சித்திரை வெயிலில் அப்பளம்கூடத்தான் தாங்கும்.

வேலை ஆடி ஆவணிவரை இழுத்தது. இறக்கைக்குள் கரப்பான் பூச்சிகள் குடிவந்தன. பசை அவற்றுக்கு ருசித்திருக்கிறது. சங்கத்தில் புது அங்கத்தினர்கள் சேர்ந்துவிட்டார்கள் என்று சிரித்தார்களே தவிர, தின்றது போக மிச்சம் எவ்வளவு என்று பார்க்க இறக்கைத் துணியைப் பிரிக்க விடவில்லை.

யார் பறப்பது என்ற பேச்சு வந்ததும் பார்க்க வேண்டுமே! ஒருவனுக்குச் சந்திராஷ்டமம். ஒருவன் மனைவி முழுகாமல் இருந்தாள். ரங்கு வீட்டில் அந்த வருஷம் யாரும் உயரத்தில் ஏறக்கூடாதென்று ஜோசியர் சொல்லிவிட்டாராம். எனக்கு ஜோசியம் தேவைப்படவில்லை, என் உடம்பின் எடையே போதுமான தடையாக இருந்தது. சவரிக்கு எந்தத் தடையும் இல்லை. அன்றுவரை பின்வாசல் வழியாக மட்டும் கொட்டகைக்கு வந்துபோனவனை ரங்கு முன்வாசலில் நிற்கவைத்து மாலை போட்டான். பசையை நினைத்து நான் அவனைத் தடுத்துப் பார்த்தேன். "நம்ம ரெண்டு பேரும் வேணாம்னா இது பறக்கவே பறக்காதுடா" என்றான். அவனுக்கு அவ்வளவு ஆசை.

அடையாற்றுக்குத் தெற்கே கடலோரம் அப்போது ஒரு பெரிய மணல்மேடு இருந்தது. ராத்திரியே வண்டியைக் கொண்டுபோய் வைத்தாயிற்று. விடியும்போது துணியெல்லாம் கடற்காற்றின் ஈரத்தில் நனைந்திருந்தது. இரண்டு வரிசையாக நின்று, வண்டியின் மூக்கில் மாட்டிய ரப்பர் வடத்தைத் தேர் இழுப்பது மாதிரி இழுத்தோம். கிளைடர் எழும்பிற்று. சவரி எங்கள் தலைக்குமேல் போனான். அந்தக் கணம் எனக்குக்கூட எல்லாம் மறந்துபோய்விட்டது. ஒரு மாடி உயரம் போனதும் வலது இறக்கைத் துணி உப்பியது, உள்ளே சட்டங்கள் ஒவ்வொன்றாகப் பசை விட்டுக் கழன்றன. மணலில் மோதி விழுந்தான். ஓடிப் பார்த்தபோது முழங்கால் திரும்பியிருந்தது. பூஞ்சை பூத்த ஒரு சட்டம் அவன் மார்மேல் கிடந்தது. ஒட்டிய இடத்தில் ஈரப் பிசுக்கு.

ஆஸ்பத்திரியில் அவன் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "பறந்தேன் இல்ல? நீ பாத்த இல்ல?"

அந்த வாரமே பங்களாவில் சங்கக் கூட்டம். சொஜ்ஜியும் பஜ்ஜியும் வந்தன. வண்டியில் குறையில்லை, ஓட்டினவன்தான் அதன் மூக்கை அதிகம் தூக்கிவிட்டான் என்றான் ரங்கு. எல்லோரும் தலையாட்டிக்கொண்டே சொஜ்ஜியை விரலால் வழித்து வழித்துத் தின்றார்கள். அந்தப் பொய்யைவிட, நெய் வழிகிற அந்த விரல்கள்தான் என்னைக் குமட்டவைத்தன. கையோடு எடுத்துப்போயிருந்த அந்தப் பூஞ்சைச் சட்டத்தைச் சொஜ்ஜித் தட்டின்மேல் வீசிவிட்டு வந்துவிட்டேன். ராஜினாமா என்றும் கத்தியதாக ஞாபகம். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

சவரியின் முழங்கால் மடங்கவே இல்லை. சர்வே சங்கிலியோடு வெயிலில் நடக்கமுடியாதவனுக்கு என்ஜினீயர் படிப்பு எதற்கென்று காலேஜில் நிறுத்திவிட்டார்கள். துறைமுகத்தில் மூட்டை எடை குறிக்கும் உத்தியோகத்தில் சேர்ந்தான். நாற்பது வயது முடிவதற்குள் போய்ச் சேர்ந்தான்.

அந்த மணல்மேட்டை வெட்டி வீடு கட்டிவிட்டார்கள். லஸ் பங்களாவை இடித்து அடுக்குவீடு எழுப்பியாயிற்று. சங்கம் என்று ஒன்று இருந்ததற்குச் சாட்சி ரங்குவும் நானும்தான். போன வருஷம் அவனுடைய சதாபிஷேகம். பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன், கூட்டத்துக்குக் குறைவில்லை. பந்தியில் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

"அந்தக் காலத்துலயே நாங்க அடையாத்துல பறந்திருக்கோம்டா."

பறந்தது சவரி என்றேன்.

"சவரியா? யாரது?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தான்.

நடித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நிஜமாகவே யோசித்தான், பாவம். கிடைக்கவில்லை. பாயசம் வந்தது. வேண்டாமென்று இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.