கம்ப்யூட்டரில் இருந்த முகம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்துப் பல வருடமாகிறது. பேனாவை எடுப்பேன், அப்பா ஞாபகம் வரும், மூடி வைத்துவிடுவேன். அப்பா இருக்கும்வரை எழுதக் கூடாது என்று இருந்தேன். பிறகு சித்தப்பா இருக்கும்வரை எழுதக் கூடாது என்று இருந்தேன். இப்போது இருவரும் இல்லை. அத்தை ஒருத்திதான் மிச்சம். "எழுதித் தொலை தாயி, ஊருல ஆளுக்கொரு கதை அளக்காக" என்று போன பங்குனியில் மாரியம்மன் கோயில் பொங்கலன்றைக்கு அவளே சொல்லிவிட்டாள். நான் பத்தாவதுக்கு மேல் படிக்காதவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெரு மாரியம்மனைக் கும்பிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் வீடு சிவகாசிக்குப் பக்கத்தில், விஸ்வநத்தம் போகிற பாதையை ஒட்டிய தெருவில் இருந்தது. அம்மா பட்டாசுக் கம்பெனி வேலைக்கு வேனில் போய் வேனில் வருவாள். அப்பா ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் லோடு ஏற்றப் போவார். அப்பாவின் தம்பியான சித்தப்பா எங்களோடு இருந்தார். புருஷனை இழந்த அத்தை, அப்பாவின் அக்கா, எதிர் வீட்டில்.

எங்கள் சொந்தபந்தத்தில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் தொட்டவர் சித்தப்பாதான். ஒரு அச்சகத்தில் கழித்துப் போட்டதை வாங்கி வந்து முன்னறையில் மேசை போட்டு வைத்திருந்தார். டிவி போல முதுகு பருத்த திரை. கீழே தரையில் பெட்டி, அதன் பக்கத்தில் நாலு பிளக் சொருகும் வயர் பெட்டி. சின்னக் கம்பெனிகளுக்கு மத்தாப்புப் பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று எதை வேண்டுமானாலும் செய்து கொடுப்பார். ஒரு பிள்ளையின் தலைமுடியை இன்னொரு பிள்ளைக்கு வைப்பார். கண்ணை மூடியிருக்கிற ஆளுக்குக் கண் திறந்துவிடுவார். செத்துப்போன ஒரு முதலாளியைச் சிரிக்க வைத்து அவர் மகனிடம் நல்ல பேர் வாங்கினார்.

லேபிளில் மத்தாப்பு பிடித்துச் சிரிக்கிற பிள்ளைகள் எந்த ஊர் என்று அவரிடம் ஒருநாள் கேட்டேன். "எல்லாம் வெளிநாட்டுப் பிள்ளைக. நம்ம மத்தாப்புக்கு அதுகதான் சிரிக்கும்" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இம்புட்டுப் பிள்ளைகளும் அதுக்குள்ளயா தம்பி இருக்குதுக? சோறு தண்ணி வேண்டாமா?" என்றாள். அம்மா அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதற்கு மட்டும், குளித்துவிட்டு வந்து, விரல் நுனியால் தொடுவாள்.

எனக்குப் பத்து வயதான வருடம், கோடையில் அம்மை போட்டிருந்தது. வேப்பிலை விரித்து அம்மாதான் பார்த்துக்கொண்டாள். தண்ணீர் ஊற்றின பிறகு எல்லாம் மறைந்து, இடது புருவத்துக்கு மேலே ஒரே ஒரு குழி மட்டும் நின்றுவிட்டது. கண்ணாடியைப் பார்த்து அழுதேன். அம்மா அந்தக் குழியில் விரல் வைத்து, "ஆத்தா முத்து வச்சுட்டுப் போயிருக்கா. கூட்டத்துல உன்னையத் தேடி வந்தா அவளுக்கு அடையாளம் தெரியணும்ல" என்றாள். அன்றைக்கிருந்து அந்தக் குழி எனக்குப் பெருமையாகிவிட்டது.

அந்த வருடம் தீபாவளிக்கு முந்தின புரட்டாசி. சீசன் வேலை. பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் புதிதல்ல. எந்தத் திசை என்று எல்லோரும் ஜன்னலைப் பார்த்தோம். டீச்சரும் பார்த்தார். சாயங்காலம் தெருவுக்கு எல்லா வேனும் வந்தன. அம்மாவின் வேன் வரவில்லை. இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் காலை, உடம்பு ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முன்னால், சித்தப்பா போஸ்டர் செய்ய உட்கார்ந்தார். அம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு போட்டோ. தாய் தகப்பன் இல்லாமல் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவள். கோயிலில் வைத்துத் தாலி கட்டினார்கள். அன்றைக்கு எடுத்த படம். மாலையும் கழுத்துமாக அப்பாவும் அம்மாவும் கைபிடித்து நிற்பார்கள். ஓட்டு அட்டை இருந்ததை, கம்பெனியில் கேட்டார்கள் என்று சாப்பாட்டுப் பையில் போட்டு எடுத்துப் போயிருந்தாள். பை திரும்பவில்லை. பிற்பாடு தாலுகா ஆபீஸில் அப்பா அலைந்து வாங்கி வந்த நகலில் கறுப்பு மைதான் இருந்தது, முகம் இல்லை.

சித்தப்பா சட்டத்தைப் பிரித்துப் படத்தை எடுத்து ஸ்கேன் செய்தார். திரையில் அம்மா வந்தாள். அவள் முகத்தை அவ்வளவு பெரிதாக நான் பார்த்ததே கிடையாது. மூக்குத்தியில் வெளிச்சம் பட்டு மின்னியது. அப்பாவிடமிருந்து பிரிப்பதற்காக அவள் முகத்தைச் சுற்றிச் சித்தப்பா கோடு இழுத்தார். அந்தப் புள்ளிக்கோடு எறும்பு வரிசை மாதிரி ஊர்ந்துகொண்டே இருந்தது. நான் கையால் அந்த எறும்புகளைத் தட்டிவிடப் போனேன். வேறு நாளாக இருந்தால் திரையைத் தொட்டதற்குத் திட்டு விழும். அன்றைக்கு அவர் என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையாலேயே வேலை செய்தார்.

உடம்பு வந்தது. வெள்ளைத் துணியில் சுற்றிக் கட்டியிருந்தார்கள். முகத்தைத் திறக்கக் கூடாது என்று கூட வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். பெண்கள் மாரடித்து அழ வந்து, யாருக்காக அழுகிறோம் என்று தெரியாததுபோல் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அத்தைதான், "மொகம் தெரியாம எப்படிலே அனுப்புறது, அந்தப் போட்டோவைக் கொண்டா" என்றாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில், துணி மேல், படத்தை வைக்கச் சொன்னாள். உயிரோடு இருக்கிறவன் படம் பிணத்தின் மேல் கிடக்கக் கூடாது என்று ஒரு பெரியவர் தடுத்தார். அத்தை கத்திரிக்கோல் எடுத்து வந்து படத்தை நடுவே வெட்டினாள். அப்பா நின்ற பாதியைச் சட்டத்துக்குள் திரும்பச் செருகினாள். அம்மா நின்ற பாதியைத் துணி மேல் வைத்தாள். அதற்குப் பிறகுதான் தெருவே அழுதது.

தூக்குகிற நேரத்தில் அப்பா அந்தப் பாதிப் படத்தை எடுக்கக் கை நீட்டினார். சித்தப்பா, "இருக்கட்டும்ணே. கம்ப்யூட்டர்ல இருக்கு. இது மதினிகூடப் போகட்டும்" என்றார். அப்பா கையை இழுத்துக்கொண்டார். அவருக்குத் தம்பி சொன்னால் சரி.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனார்கள். தூக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டபோது சித்தப்பா வேலையைப் பாதியில் விட்டு எழுந்து போனவர்தான். திரையில் அம்மா அப்படியே இருந்தாள். நான் போய் மேசை முன்னால் நின்றுகொண்டேன். எறும்புகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

பிணம் போன வீட்டைக் கழுவிவிட வேண்டும். அத்தையும் தெருப் பெண்களும் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து உள்ளேயிருந்து வாசலுக்கு வீசி ஊற்றினார்கள். கம்ப்யூட்டர் என்பது மேசை மேல் இருக்கிற திரைதான் என்பது அத்தையின் எண்ணம். அது நனையாமல் ஒரு சாக்கைப் போட்டுத்தான் வைத்திருந்தாள், அம்மாவைப் பார்க்க நான் விலக்கியிருந்தேன். தரையில் கிடந்த பெட்டியையும் வயரையும் அவள் கணக்கில் எடுக்கவில்லை. தண்ணீர் போய் மோதியது. டப்பென்று ஒரு சத்தம். புகை நாற்றம். திரையில் அம்மா ஒரு கோடாகி, ஒரு புள்ளியாகி, இல்லாமல் போனாள்.

அந்தச் சத்தத்துக்கு, வீட்டில் இருந்த அத்தனை பெண்களும் குடத்தைக் கீழே போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார்கள். எல்லோரும் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். சத்தம் கேட்டால் நிற்கக் கூடாது, ஓட வேண்டும் என்பது அவர்கள் காலுக்கே தெரியும். தண்ணீரில் நான் மட்டும் நின்றேன். அத்தைதான் திரும்பி ஓடி வந்து என் சடையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போட்டாள்.

சித்தப்பா வந்து பார்த்தார். பெட்டியைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு சிவகாசிக்கு பஸ் ஏறினார். ரிப்பேர் கடைக்காரர் காய வைத்து, ஏதோ மாற்றி, சில நாள் கழித்து ஓட வைத்துக் கொடுத்தார். வீட்டில் வந்து மாட்டினார்கள். நாங்கள் எல்லோரும் பின்னால் நின்றோம். மத்தாப்பு பிடித்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்தன. கிளி வந்தது, ராக்கெட் வந்தது, லட்சுமி வந்தது, சிரிக்கிற முதலாளி வந்தார். சித்தப்பா தேடிக்கொண்டே இருந்தார்.

"சேவ் பண்ணலக்கா" என்றார் கடைசியில்.

"அப்படின்னா?"

"அப்படின்னா... திரையில இருந்துச்சு. உள்ள போகல. இப்ப இல்ல."

அத்தை அந்தத் திரையையே பார்த்தாள். "இம்புட்டுப் பேருக்கு எடம் இருக்கு. அவ ஒருத்தி மொகத்துக்கு எடமில்லையாலே இதுல" என்றாள். சித்தப்பா தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தண்ணீர் ஊற்றியது யார் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கடைசி வரைக்கும் கேட்கவில்லை. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போடப் படம் வேண்டும். அதற்கு முன்னால் ஒரு மத்தியானம், அத்தை என் சடையை அவிழ்த்துக் கொண்டை போட்டாள். அவளுடைய பட்டுச் சேலையை என் தோளில் சுற்றினாள். பெரிய பொட்டு வைத்தாள். சித்தப்பா யாரிடமோ இரவல் வாங்கிய கேமராவோடு வந்து, வெள்ளைச் சுவர் ஓரமாக என்னை உட்கார வைத்தார். "சிரிக்காத தாயி. அம்மாவை நினைச்சுக்கிட்டு என்னையப் பாரு" என்றார்.

அம்மாவின் படத்தை அம்மாவோடு அனுப்பிவிட்டார்கள், இப்போது என் படத்தையும் அவளுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்தேன். அதனால் நன்றாக நினைத்தேன். முகத்தைச் சுற்றி எறும்பு ஊர அம்மா வந்தாள், மூக்குத்தி மின்னியது. அவளையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

காரியத்தன்று படம் வந்தது. சட்டம் போட்டு, மாலை போட்டு, விளக்கு வைத்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் கெட்ட கதை தெருவுக்கே தெரியும். அம்மாவோடு வேலை பார்த்த ஒரு பெண் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு, "இவளுக்குப் புருவத்துல வடு கிடையாதேக்கா" என்றாள். அத்தை, "சாமி குடுத்துச்சுன்னு வச்சுக்கிருங்க. இனிமே கேக்காதீக" என்று சொல்லிவிட்டு, வந்தவர்களைச் சாப்பிடக் கூப்பிடப் போய்விட்டாள்.

அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்தக் கதை. செத்த கம்ப்யூட்டரில் மாரியம்மன் முகத்தைத் திருப்பிக் கொடுத்தாள், தன் முத்தையும் அடையாளமாக வைத்தாள் என்று பக்கத்து ஊர்கள் வரை போய்விட்டது. வெளியூரிலிருந்து வந்து எங்கள் வீட்டுப் படத்தின் முன் சூடம் கொளுத்தினவர்களும் உண்டு. நானும் அப்படித்தான் நம்பினேன். கூட்டத்தில் நான் தேடி வந்தால் எனக்கு அடையாளம் தெரியட்டும் என்று அம்மாவுக்கும் ஆத்தா முத்து வைத்திருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டேன். வளர வளர, எல்லோரும் "அப்படியே உங்க அம்மா" என்பார்கள். அது ஒரு பெருமை.

அம்மாவின் வயது எனக்கு வந்த வருடம், என் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க ஸ்டூடியோவில் போய்ப் படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து அதை அம்மா படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மறுநாள் சித்தப்பா வீட்டுக்குப் போய் இரண்டையும் அவர் முன்னால் வைத்தேன். அவர் மறைக்கவில்லை. "வேற மொகம் என்கிட்ட இல்லம்மா. அவுக மொகத்துல மிச்சம் இருந்தது நீதான். கன்னத்தை ஒடுக்குனேன், வயசு ஏத்துனேன், மூக்குத்தி வச்சேன். அந்த முத்தை மட்டும் அழிக்கலாம்னு போனேன், கை வரல. ஆத்தா வச்சதுல்ல" என்றார். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அவர் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு வந்தேன்.

இப்போது கண்ணை மூடி அம்மாவை நினைத்தால் அந்தப் படம்தான் வருகிறது. அது நான். அந்த மத்தியானம், வெள்ளைச் சுவர் ஓரத்தில் உட்கார்ந்து மனசுக்குள் பார்த்தேனே, அதுதான் என் அம்மாவை நான் கடைசியாகப் பார்த்தது. சேலை நழுவாமல் இருக்க வேண்டுமே என்ற கவலைதான் அப்போது எனக்கு.

இன்னொன்றும் எனக்கு அப்போது விளங்கவில்லை. அப்பா வெள்ளிக்கிழமை தோறும் பூ வாங்கி வருவார். படத்துக்குக் கொஞ்சம் வைத்துவிட்டு, மிச்சத்தை என் தலையில் வைத்து, என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். அந்தப் படத்தின் முன்னால் அவர் ஒருநாளும் அழுததில்லை. வெட்டிப்போட்ட கல்யாணப் படத்தின் தன் பாதியைத்தான் சட்டத்தோடு எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுவார். மாலை போட்டுக்கொண்டு தான் மட்டும் நிற்கிற படத்தைப் பார்த்து இந்த மனுஷன் ஏன் அழுகிறார் என்று எட்ட நின்று பார்த்துவிட்டு விளையாட ஓடிவிடுவேன். அதில், வெட்டின ஓரத்தில், அவர் கையைப் பிடித்தபடி அம்மாவின் விரல்கள் இருந்தன. அப்போது நான் அதைப் பார்த்ததில்லை.

இரண்டு படமும் இப்போது என் வீட்டுச் சாமி அலமாரியில் இருக்கின்றன. மாரியம்மனைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. தினமும் அவளைக் கும்பிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். ஆனால் அவள் செய்யாததை அவள் பேரில் ஏற்ற வேண்டாம். இதை வாசித்தவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது எதையும் சேர்க்க வேண்டாம், எங்கேயும் கண்ணைத் திறந்துவிட வேண்டாம், சிரிக்க வைக்க வேண்டாம். இருக்கிற வடுவோடு இப்படியே சொல்லுங்கள்.