நான் நின்றால் மட்டும் எரிந்த ஹீற்றர்

1. வீட்டு இலக்கம் இல்லாத வேலை

வேலைச்சீட்டில் வீட்டு இலக்கம் இருக்கவில்லை. அந்த இடத்தில் "சி டொக், பதினாலு" என்று எழுதியிருந்தது. ஜனவரி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வெளியே மைனஸ் பதினெட்டு. எழுத்துப் பிழையாக இருக்கும் என்று நினைத்துப் பாலன் அண்ணையிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

பாலன் அண்ணை எங்கள் முதலாளி. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஸ்காபரோவில் மூன்று வான்களை வைத்துக்கொண்டு வீடுகளைச் சூடாக்கும் ஃபேர்னஸைத் திருத்தும் கம்பெனி நடத்தினார். ஒயில் பேர்னர் லைசென்ஸ் எடுத்தபின் எனக்கு அது மூன்றாவது குளிர்காலம்.

"பிழை இல்லை, குணா. உது வீடில்லை, போட். ஒரு தமிழ் மனுசி போன் எடுத்தவ. டீசல் ஹீற்றர் நிண்டு நிண்டு போகுதாம்" என்றார்.

"அண்ணை, நான் போட் ஹீற்றர் கண்ணாலயும் கண்டதில்லை."

"நானும் காணேல்லை. போய்ப் பார். ஏலாட்டி ஏலாதெண்டு சொல்லிப்போட்டு வா. இன்னொண்டு, அவவின்ர மனுசனுக்குத் தெரியாமல்தான் கூப்பிட்டவ. பகலில வரட்டாம்."

இந்த ஊரில் குளிர்காலத்திலும் படகில் குடியிருக்கிறவர்கள் உண்டு என்று அன்றுதான் அறிந்தேன். அதிலும் தமிழர். வானை ஓட்டிக்கொண்டு போகும்போது ஹீற்றரைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. இவர்கள் தண்ணீருக்கு என்ன செய்கிறார்கள், ஏரி உறைந்தால் படகு நசுங்காதா, கடிதங்கள் எப்படி வருகின்றன என்பதைத்தான் யோசித்தேன்.

மண்மேட்டுக்குக் கீழே, ஏரியோரமாக இருந்தது படகுகளைக் கட்டிவைக்கும் மரீனா. சி டொக் என்ற பலகைப் பாலத்தின் இரண்டு பக்கமும் வெள்ளைப் பிளாஸ்ரிக்கால் முழுதாகப் போர்த்தப்பட்ட படகுகள் நின்றன. பெரும்பாலானவற்றில் ஆளில்லை. பதினாலாவது மட்டும் மற்றவற்றைப் போல் இல்லை. நீளமாக, ஒடுக்கமாக, இரும்பில் செய்த கால்வாய்ப் படகு. மேலே மரச்சட்டம் அடித்துப் பிளாஸ்ரிக்கை இழுத்து, சூடு காட்டி, முரசுத்தோல் மாதிரி இறுக்கியிருந்தார்கள். உள்ளே போக அந்தப் பிளாஸ்ரிக்கில் ஒரு ஸிப் கதவு.

ஸிப்பைத் திறந்தவர் சரோ அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு மருத்துவமனையின் சமையலறையில் வேலை. கணவர் தேவராசா திருகோணமலைக்காரர், பதினெட்டு வருடம் கப்பல்களில் எஞ்சின் ரூமில் நின்றவர். இப்போது விட்பியில் ஒரு மெஷின் ஷொப்பில் வேலை. கோடையில் லீவு எடுத்துக்கொண்டு இருவருமாகக் கால்வாய் வழியே, பூட்டு மதகுகளில் ஏறி இறங்கி, பீற்றர்பரோ வரை போய்வருவார்களாம். போன வருடம் அப்பார்ட்மென்ட்டை விட்டுவிட்டுப் படகிலேயே குடியேறிவிட்டார்கள். இது இரண்டாவது குளிர்காலம்.

"போன வருசம் ஒரு கரைச்சலும் இல்லை, தம்பி. இந்த வருசம் பின்னேரம் போட்டால் ரெண்டு மணித்தியாலம் நல்லா எரியும். பிறகு ஒரு மாதிரி உறுமும், அணைஞ்சு போகும். எத்தனைதரம் சுவிச்சைப் போட்டாலும் பிடிக்காது. காலமை இவர் வேலைக்கு வெளிக்கிடேக்க போட்டால் உடனே பிடிக்கும்."

கரையிலிருந்து வரும் மின்சாரம் ஒரு சின்ன மின்ஹீற்றருக்குத்தான் தாங்கும். அது கால்மாட்டை மட்டும் சூடாக்கும். முதல்நாள் இரவு சமையலறைக் குழாய் உறைந்துவிட்டதாம்.

ஹீற்றர் பின்பக்க எஞ்சின் அறையில் இருந்தது. ஒரு ரொட்டிப் பெட்டியைவிடப் பெரிதில்லை. அதைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் நாளாந்தம் கழற்றிப் பூட்டும் ஃபேர்னஸைப் பிடித்து யாரோ சலவையில் போட்டுச் சுருக்கியது போல இருந்தது. எல்லாம் அதுவேதான். டீசலைச் சொட்டுச்சொட்டாகத் தரும் ஒரு பம்ப், அதைப் பற்றவைக்கும் குளோ பிளக், எரிகிற அறை, காற்றை இழுக்க ஒரு குழாய், புகையைப் படகின் பக்கவாட்டால் வெளியே தள்ள இன்னொரு குழாய். பம்ப் மட்டும் மணிக்கூடு மாதிரி டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

அணைத்து ஆறவிட்டுக் கழற்றிப் பார்த்தேன். எரிகிற அறை முழுக்கக் கரி. குளோ பிளக்கிலும் கரி அப்பியிருந்தது. காரணம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். டீசல் மணம் உள்ளே தங்காமலிருக்க ஸிப் கதவை மேலே சுருட்டிக் கட்டிவிட்டு, ஒன்றரை மணித்தியாலம் இருந்து எல்லாக் கரியையும் சுரண்டினேன். பற்றரியின் வோல்ற்றேஜும் பார்த்தேன், சரியாக இருந்தது. பூட்டிப் போட்டதும் ஹீற்றர் பிடித்துக்கொண்டது. இரண்டு மணித்தியாலம் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

புதன்கிழமை காலை பாலன் அண்ணை என்னைப் பார்த்த பார்வையிலேயே விளங்கிவிட்டது.

"ராத்திரித் திரும்ப அணைஞ்சு போச்சாம்" என்றார்.

2. எஞ்சின் ரூம்காரர்

வியாழக்கிழமை போனபோது, விஷயம் தெரிந்துவிட்ட தேவராசா அண்ணை லீவு போட்டுவிட்டு நின்றார். உயரமான மனிதர். கையைக் கட்டிக்கொண்டு, நான் பையை இறக்குமட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி எந்தக் கப்பலில நிண்டனீர்?"

"நான் கப்பலில நிக்கேல்லை, அண்ணை. வீட்டு ஃபேர்னஸ்தான்."

"அதுதான் பாத்தன்."

கோபம் எனக்கு வரவில்லை. அவருடைய இடத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன். அவருடைய எஞ்சின் அறையைப் பார்த்தால் நிலத்தில் சோறு போட்டுச் சாப்பிடலாம். ஒவ்வொரு குழாயிலும் அது என்ன குழாய் என்று எழுதிக் கட்டியிருந்தார்.

இந்தமுறை எரிபொருளில் சந்தேகம் வைத்தேன். கோடை டீசல் மிச்சமிருந்தால் குளிருக்கு மெழுகு மாதிரித் தடித்துவிடும். அதைச் சொன்னதும் அவர், "ஒக்ரோபரிலயே முழுக்க மாத்தியாச்சு" என்றார். ஃபில்ரரைக் கழற்றினேன், சுத்தம். பம்ப் தருகிற டீசலை ஒரு போத்தலில் பிடித்து அளந்தேன், சரி. இரண்டு நாளுக்கு முன்பு நான் சுரண்டிய அறையைத் திறந்தேன். மறுபடி கரி.

கரி என்றால் ஒன்றில் டீசல் கூட, இல்லாவிட்டால் காற்றுக் குறைவு. டீசல் சரி. காற்றுக் குழாய்க்குள் வயர் விட்டுப் பார்த்தேன். தடையே இல்லை. பிறகு ஏன்? துப்புரவாக்கிப் போட்டேன். மூன்று மணித்தியாலம் அருமையாக எரிந்தது.

தேவராசா அண்ணை சிரித்தார். "நீர் நிக்கேக்க எரியும். நீர் போனாப்பிறகுதான் அதுக்கு விசர் பிடிக்கும்."

சரோ அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். நெற்றியைக் கையால் அழுத்திக்கொண்டே நடந்தார்.

"என்னக்கா, சுகமில்லையே?"

"தலையிடி, தம்பி. டிசம்பர் தொடக்கம் இருக்கு. வேலைக்குப் போனால் பத்து மணிக்கெல்லாம் சுகமாயிடும். இஞ்சை வந்து படுத்தெழும்பினால் திரும்ப இடிக்கும்."

"அவவுக்குப் படகு பிடிக்கேல்லை" என்றார் அண்ணை. "டோர்செட் பார்க்கில அவவின்ர தங்கச்சி இருக்கிற பில்டிங்கில ஒரு அப்பார்ட்மென்ட் பாத்து வைச்சிருக்கிறா. அதுதான் தலையிடி."

அக்கா கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். முகம் சிவந்திருந்தது. பல தடவை கேட்டுக் கேட்டுச் சலித்த வசனம் அது என்று எனக்குப் பட்டது.

திரும்பும் வழியில் கிங்ஸ்ரன் வீதியில் ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது அந்தத் தலையிடி மறுபடி ஞாபகம் வந்தது. வேலைக்குப் போனால் சுகமாகிறது, வீட்டில் படுத்தெழும்பினால் இடிக்கிறது. லைசென்ஸ் வகுப்பில் எங்களுக்குப் படிப்பித்தவர் இதே இரண்டு வசனங்களைச் சொல்லியிருக்கிறார். பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடிக்கும்வரை விளக்கு மாறியதை நான் கவனிக்கவில்லை. கந்தோருக்குப் போனதும் முதல் வேலையாக அக்காவுக்கு போன் எடுத்தேன்.

"அக்கா, நான் சனிக்கிழமை வருமட்டும் ஹீற்றரைப் போடாதேங்கோ. ரெண்டு பேரும் தங்கச்சி வீட்டில போய்ப் படுங்கோ. அண்ணை ஏசினால் நான் சொன்னதெண்டு சொல்லுங்கோ."

3. கதவைப் பூட்டிப் பார்த்தது

சனிக்கிழமை மத்தியானம் மணமில்லாத நச்சுவாயுவான கார்பன் மொனொக்சைட்டை அளக்கும் கம்பெனி மீற்றரையும் எடுத்துக்கொண்டு போனேன். தேவராசா அண்ணை இரண்டு இரவு மைத்துனி வீட்டுச் சோபாவில் படுத்த எரிச்சலில் இருந்தார்.

"இண்டைக்கு நான் ஒண்டையும் கழட்டமாட்டன், அண்ணை. நீங்கள் பின்னேரம் வந்து என்னென்ன செய்வியளோ, அதை அப்பிடியே செய்யுங்கோ. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

சரோ அக்காவை மரீனாவின் உடுப்புத் தோய்க்கிற அறையில் இருக்கச் சொல்லி அனுப்பினேன். அண்ணையும் போகலாம் என்றேன். "என்ர படகில நீர் தனிய நிக்கிறதோ?" என்று கேட்டுவிட்டு அவர் அங்கேயே நின்றார்.

சப்பாத்தைக் கழற்றினார். ஹீற்றரைப் போட்டார். பிறகு திரும்பிப் போய் ஸிப்பை அடிவரை இழுத்து மூடி, ஓரத்தில் ஒரு பழைய கம்பளியைச் செருகினார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு முறையும் சுரண்டத் தொடங்குமுன் நான் அந்தக் கதவைச் சுருட்டிக் கட்டியிருந்தேன்.

மீற்றர் பூச்சியம் காட்டியது. அரை மணித்தியாலத்தில் ஒன்பது. அண்ணை பேப்பர் வாசித்தார். பம்ப் டிக் டிக்கென்று அடித்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இருபது. பிறகு முப்பத்தைந்து. ஹீற்றரின் சத்தம் மாறத் தொடங்கியது. தொண்டையில் சளி கட்டியது போல ஓர் உறுமல்.

"உந்தச் சத்தந்தான்" என்று அண்ணை பேப்பரை மடித்தார்.

நான் எழும்பிப் போய் ஸிப்பைத் திறந்தேன். ஏரிக்காற்று உள்ளே அடித்தது. கொஞ்ச நேரத்தில் உறுமல் குறைந்தது. மீற்றரின் இலக்கம் இறங்கியது. ஹீற்றர் பழையபடி சீராக ஓடியது. எனக்கு உள்ளுக்குள் சின்னப் பிள்ளையைப் போல ஒரு குதூகலம். அதை முகத்தில் காட்டாமல் ஸிப்பை மறுபடி மூடினேன். இலக்கம் ஏறியது. உறுமல் வந்தது. திறந்தேன், போனது.

மீற்றரை அண்ணையின் கையில் கொடுத்தேன்.

அவர் இலக்கத்தைப் பார்த்தார். பிறகு ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு, படகுக்கும் பிளாஸ்ரிக்குக்கும் இடையில் இருந்த ஒடுக்கமான வழியால் பின்பக்கம் நகர்ந்தார். நானும் பின்னால் போனேன். புகைக்குழாய் படகின் பக்கவாட்டில் வெளியே வரும் இடத்துக்கு நேரே, பிளாஸ்ரிக்கின் உட்புறத்தில் சாப்பாட்டுத் தட்டளவில் ஒரு கறுப்பு வட்டம் படிந்திருந்தது.

"போன வருசம் மரீனாக்காரங்கள்தான் போர்த்தவங்கள்" என்றார் அவர் மெதுவாக. "அரைவாசியில விட்டிட்டுப் போட்டாங்கள், அடியால காத்து அடிச்சது. இந்த வருசம் நானே செய்தனான். தண்ணி மட்டம் வரைக்கும் இறக்கி, கயிறு போட்டு இறுக்கி... நல்ல வேலை எண்டு நினைச்சன்."

நல்ல வேலைதான். அவ்வளவு நல்ல வேலையாக இருந்ததால்தான் புகை போக வழியில்லை. வெளியே போகவேண்டிய புகை போர்வைக்குள்ளேயே சுற்றி, காற்றுக் குழாயால் மறுபடி ஹீற்றருக்குள் போய், கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் படுக்கும் அறைக்குள்ளும் இறங்கியிருக்கிறது. கடைசியில் எரியக் காற்றில்லாமல் ஹீற்றர் அணைந்திருக்கிறது. அவர்கள் திட்டிய அந்தக் கோளாறுதான் ஒவ்வோர் இரவும் அவர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஹீற்றர் விடியும்வரை ஓடியிருந்தால் திருத்தச் சொல்லிக் கூப்பிட ஆளே இருந்திருக்காது.

இதை எஞ்சின் ரூமில் நின்ற மனிதருக்குச் சொல்லத் தேவையில்லை. என் பைக்குள்ளிருந்த கத்தியை அவரே எடுத்தார். அந்தக் கறுப்பு வட்டத்தில் குத்தி, கீழே தண்ணீர்வரை ஒரே இழுவையாகக் கிழித்தார்.

பிறகு இருவருமாகப் பின்னேரம் முழுக்க வேலை செய்தோம். புகைக்குழாய் இருந்த பக்கம் முழுவதும் பிளாஸ்ரிக்கைக் குழாய்க்கு மேலே உயர்த்திக் கட்டினோம். காற்றுக் குழாயை நீட்டி மற்றப் பக்கத்தால் வெளியே விட்டோம். எரிகிற அறையைக் கடைசி முறையாகச் சுரண்டினேன். ஸிப்பைப் பூட்டி, மூன்று மணித்தியாலம் மீற்றரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பூச்சியத்தில் அசையாமல் நின்றது.

சரோ அக்காவைக் கூட்டிவரப் போன அண்ணை, வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். உள்ளே வந்த அக்கா கிழிந்த பிளாஸ்ரிக்கைப் பார்த்தார், மீற்றரைப் பார்த்தார், பிறகு கதிரையில் இருந்தார்.

"சரோ, உம்மட தலையிடிக்கு நான்தான் காரணம்" என்றார் அண்ணை. "நீர் சும்மா சொல்லுறீர் எண்டு நினைச்சிட்டன். இனி இடிக்காது."

"இடிக்காது, தெரியும்" என்றார் அக்கா. "ஆனா எனக்குப் படகு இன்னும் பிடிக்கேல்லை."

அண்ணை என்னைப் பார்த்தார். நான் கருவிப் பையைப் பார்த்தேன். முதலில் சிரித்தது அக்காதான்.

அடுத்த குளிர்காலம் வருமுன் அவர்கள் டோர்செட் பார்க்குக்கு மாறிவிட்டார்கள் என்றும், படகைக் கோடைக்கு மட்டும் வைத்திருக்கிறார்கள் என்றும் பாலன் அண்ணை சொல்லிக் கேள்விப்பட்டேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இரண்டு விஷயம். ஒன்று, நீங்கள் நிற்கும்போது எரிகிற ஹீற்றரைத் திருத்திவிட்டோம் என்று நினைக்காதீர்கள். நீங்கள் உள்ளே வந்ததாலேயே அந்த வீட்டில் ஏதாவது மாறியிருக்கும். அவர்கள் எப்படி இருப்பார்களோ அப்படியே இருக்கச் சொல்லிவிட்டுப் பாருங்கள். மற்றது, வீட்டில் ஒருவர் சொல்லும் முறைப்பாட்டை இன்னொருவரின் விளக்கத்தோடு சேர்த்து எழுதிக்கொள்ளாதீர்கள். சரோ அக்காவுக்குப் படகு பிடிக்காததும் உண்மை, தலை இடித்ததும் உண்மை. ஒன்றுக்கு மற்றது காரணமில்லை.