காற்றில் வைத்த தட்டு

ஆய்வகத்தில் துள்ளிக் குதிக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. அன்று காலை நான் குதித்தேன். காற்றே இல்லாத பெட்டிக்குள் வைத்திருந்த பாக்டீரியாத் தட்டு முழுக்கக் கத்தரிப்பூ நிறம்!

நாங்கள் செய்வது இதுதான்: பாக்டீரியாவின் மரபணுவில் கைவைத்து, புற்றுக்கட்டிக்குள் போய் மருந்து சுரக்க அதைப் பழக்குகிறோம். கட்டியின் நடுவே ஆக்சிஜன் மிகக் குறைவு. அங்கே மட்டும் அது விழித்துக்கொள்ள வேண்டும். இப்போதைக்கு மருந்துக்குப் பதில் ஊதா நிறம். இந்தத் தடவையும் சொதப்பினால் மூட்டை கட்டிவிடலாம் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார்.

அவர் வரும்போது இனிப்போடு நிற்க வேண்டும் என்று ரயிலேறி, தமிழ்க் கடைகள் நிறைந்த லிட்டில் இந்தியாவுக்கு ஓடினேன். இரண்டு கிலோ லட்டு.

"என்னம்மா, வீட்டுல விசேஷமா?" என்றார் கடைக்காரர்.

"பாக்டீரியா கலர் மாறிடுச்சுண்ணே!"

என்ன புரிந்ததோ, பாவம், ஒரு லட்டைக் கூடுதலாகப் போட்டார்.

கடை வாசலிலிருந்தே அக்காவுக்குப் போன் போட்டேன். அக்கா நகரின் மேற்கே புக்கிட் பாத்தோக்கில் இருக்கிறாள். குடல் புற்றுக்குக் கீமோ முடிந்து மூன்று மாதம். மருந்து ஏறும் மணிக்கணக்கை எல்லாம் என் தட்டுக் கதைகளைக் கேட்டே ஓட்டியவள்.

"ஊதா வந்துடுச்சுக்கா!"

"சூப்பர் லா! காத்துல வச்ச தட்டு வெள்ளையாதானே இருக்கு?"

அதே பாக்டீரியாவைக் காற்றுப்பட எதிர் அறையில் வைத்திருந்த அந்தத் தட்டை நான் பார்க்கவே இல்லை. அதுவும் ஊதாவாகியிருந்தால், இது நல்ல உடம்பையும் சேர்த்துத் தாக்கும், எல்லாம் வீண்.

"பாதிக் கிணறு தாண்டிட்டா லட்டு வாங்கப் போன?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பும் ரயிலில் மடியில் லட்டு, வாயில் பிள்ளையார். வெள்ளையாக இருந்தால் நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். விஞ்ஞானி செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள். ஆய்வகத்துக்குள் தின்பண்டம் கூடாது; லட்டை லிஃப்ட் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே ஓடினேன்.

வெள்ளை. பச்சரிசி மாவு மாதிரி வெள்ளை! மறுபடி குதித்தேன். மேலதிகாரி லிஃப்ட் வாசலில் நின்றபடியே மூன்று லட்டுகளை முடித்தார்.

சாயங்காலம் மிச்சத்தோடு அக்கா வீட்டுக்குப் போனேன். என் ஆட்டத்தைப் பார்த்து அவள் ஏதாவது நம்பிவிடப் போகிறாளே என்று பயம் வந்தது.

"இது மனுஷங்களுக்கு மருந்தா வர இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும்கா."

"ஆகட்டுமே," என்று இன்னொரு லட்டை எடுத்தாள். "எனக்கென்ன அவசரம்? நான் எங்க போகப்போறேன்?"