கப்பல் சாச்சா கேட்ட சம்மதம்

"கப்பல் சாச்சா மௌத்தாகிட்டாராம்" என்று மருமகன் ஓடி வந்து சொன்னான். "எந்தக் கப்பல் சாச்சா?" என்று கேட்டேன். ஊரில் ஒரே கப்பல் சாச்சாதான், என் வாப்பாவின் தம்பி. காலையில்தான் வாசலில் நின்று, "மீன் வாங்கிட்டியா புள்ள?" என்று கேட்டுவிட்டு அக்கரைப்பற்று பஸ் ஏறினார். பஸ்ஸிலேயே நெஞ்சைப் பிடித்தாராம், உயிர் போய்விட்டதாம். இன்னும் எனக்கு நம்ப ஏலாமல் இருக்கிறது.

இதை எழுதும் நான் நாலாம் வகுப்போடு நின்றவள். அவரை அறிந்த நீங்கள் பிழை பொறுத்து வாசியுங்கள்.

"நே" கதையை உங்களுக்கும் சொல்லியிருப்பார். கிரேக்கக் கப்பலில் "நே" என்றால் ஓம். அதில் பல வருசம் வேலையில் கிடந்துவிட்டு யூகோஸ்லாவியக் கப்பலுக்கு மாறினார். அங்கே "நே" என்றால் இல்லை. குசினிக்காரன் மீன் சூப்பை ஊற்றிக்கொண்டே "போதுமா?" என்று சைகை காட்ட, இவர் பழைய பழக்கத்தில் "நே, நே" என்றாராம். அவன் கோப்பை வழிய ஊற்றினானாம். "போத்துக்கீசன் பேச்சு முடிய முடிய நே போடுவான், நாம 'சரிதானே, என்ன?' எண்டு கேக்கிற மாதிரி" என்பார்.

"எல்லாம் ஒரே சொல்லா சாச்சா?"

"இல்ல புள்ள. முகம் ஒண்டு, குடி வேற, வம்சம் வேற. யூகோஸ்லாவியன்ட நே, இங்கிலீசுக்காரன்ட நோவுக்குச் சொந்தம். கிரேக்கன்ட நே ஆரோ பிறத்தி. கப்பல் இஞ்சினியர் சொன்னவர்."

வாப்பா இல்லாததால் என் கலியாணத்துக்கு வலீயாக, பெண்ணைக் கொடுக்கும் பொறுப்பாளியாக நின்றவர் அவர். மாப்பிள்ளை வீட்டார் வந்து பந்தலில் இருந்தார்கள். சாச்சா அறைக்குள் வந்து, "சம்மதமா மகள்?" என்று கேட்டார். நான் குனிந்தபடி இருந்தேன். அந்த மாப்பிள்ளை முதல் பொஞ்சாதியை அடித்து, அந்த வீட்டாரால் துரத்தப்பட்டவர் என்று அதற்கு முதல் நாள்தான் கேள்விப்பட்டிருந்தேன். ஆரிடமும் சொல்லத் துணிவு வரவில்லை.

"பேசாம இருந்தா சம்மதம்தானே?" என்றா பக்கத்திலிருந்த என் மாமி. "நிக்காஹ் செய்ய லெவ்வை காத்திருக்கார், சோறு ஆறுது."

"இவட மௌனம் எந்தக் குடி எண்டு எனக்குத் தெரியாதே மதினி. எதெண்டாலும் வாயால சொல்லட்டும்."

சொல்லிவிட்டுப் பாயில் உட்கார்ந்துவிட்டார். வெளியிலிருந்து ஆள் மேல் ஆள் வந்து கூப்பிட்டார்கள். அவர் எழும்பவில்லை. பிறகு, "வேணாம் சாச்சா" என்று என் வாயிலிருந்து வந்தது.

அவர்தான் வெளியே போய்ச் சொன்னார். "கடல்ல கிடந்தவனுக்கு ஊர் முறை தெரியுமா?" என்று ஒருவர் கத்தினார். "தெரியாதுதான். சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாராம் சாச்சா.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் கொஞ்ச நேரம்தான். ஊரே வெளியில் அவசரப்படுத்த, நான் வாய் திறக்கும்வரை ஒரு மனிசன் பாயில் சும்மா இருந்தார். எனக்காக வேறு ஒருவரும் அப்படிக் காத்திருந்ததில்லை.