மேசையில் வைத்த கத்தரி

பெண்கள் பாடசாலையொன்றில் ரோபோ செய்யும் பட்டறை அமைக்கிறார்கள். வெட்டும் கருவிகளை நான் தெரிவு செய்து தர வேண்டும் என்று அதிபர் கேட்டார். ஓய்வுபெற்ற பொறியியல் விரிவுரையாளன், மனைவி காலமாகி எட்டு மாதம், வீட்டில் சும்மா இருப்பவன். என் தகுதிகள் ஊரறிந்தவை. ஒப்புக்கொண்டேன்.

அதிபரின் பட்டியலில் மாணவிகளுக்கென்று இருந்தவை, முனை மழுங்கிய கடதாசிக் கத்தரிகள் மட்டுமே.

"பிள்ளையள் வெட்டினால் இரத்தம் வரும், சேர். ரீச்சர் வெட்டட்டும், பிள்ளையள் பூட்டட்டும்."

"அப்ப ரோபோவை ரீச்சர் செய்வா. பிள்ளையள் அதுக்குப் பொட்டு வைப்பினம்."

அவர் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை கருவிகளைப் பார்த்துவிட்டே முடிவு என்றார். அவை பிள்ளைகளின் கைக்குப் போகுமா, பூட்டிய அலுமாரிக்குப் போகுமா என்பது அந்த ஒரு நாளில் தங்கியிருந்தது.

துறைமுகத்துக்குப் போகும் வீதியில் கிண்ணியாக்காரர் ஒருவரின் இரும்புக்கடை இருக்கிறது. ஒட்டுப்பலகைக்கு நுண்பல் வாளும் கம்பிக்குக் குறடும் தெரிவு செய்தேன். அலுமினியத் தகட்டுக்கு, பதின்மூன்று வயதுக் கைக்கு அடங்கும் பிடியுள்ள தகரக் கத்தரி வேண்டும். ஒன்றைப் பார்க்கக் கை நீட்டினேன். கடைக்காரர் அதை மேசையில் வைத்தார்.

"கையில தரமாட்டன், சேர். பிறகு ரெண்டு பேரும் கொழுவிச் சண்டை பிடிக்க வேண்டி வரும்."

என் வீட்டில் முப்பத்தொன்பது ஆண்டுகள் அமுலில் இருந்த அதே சட்டம். மனைவி கத்தரிக்கோலை மேசையில் வைப்பாள். நான் வேண்டுமென்றே கையை நீட்டியபடி நிற்பேன். "படிச்ச ஆளுக்கு மேசை எங்க இருக்கெண்டு தெரியேல்லையோ?" என்பாள். உருக்குக்கும் மனத்தாங்கலுக்கும் யாதொரு தொடர்பும் நிறுவப்படவில்லை என நான் விரிவுரை நிகழ்த்துவேன். பின்னர் அதைப் பற்றியே கொழுவுவோம்.

வெள்ளிக்கிழமை, அதிபர் முன் ஓர் அலுமினியத் தகட்டையும் அவரது பட்டியலிலிருந்த மழுங்கிய கத்தரியையும் மிகுந்த பணிவுடன் வைத்தேன்.

"நீங்களே ஒருக்கா வெட்டிப் பாருங்கோ, மிஸ்."

தகடு மடங்கியது, கத்தரி வழுக்கி அவரது பெருவிரலுக்கு அருகே போய் நின்றது. நான் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்துத் தகரக் கத்தரியை வைத்தேன். தகடு அப்பளம்போல் பிரிந்தது. நான் கேளாமலே இரண்டாவது துண்டு வெட்டினார். மூன்றாவதும்.

"இது நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒருத்தியிட்ட இருந்து ஒருத்தி பறிப்பாளவை. அந்த நேரம் வெட்டினால்?"

  தாளொன்றை எடுத்து எழுதினேன்: "விதி ஒன்று. வெட்டும் கருவியை ஒருவர் கையிலிருந்து மற்றவர் நேரே பெறலாகாது. மேசையில் வைத்த பின்னரே எடுத்தல் வேண்டும்."

அதிபர் இருமுறை வாசித்தார். "நல்ல விஞ்ஞானபூர்வமான விதி. எந்த நாட்டு நடைமுறை, சேர்?"

"நீண்ட காலம் பரீட்சித்தது, மிஸ். ஒரு காயமும் பதிவாகவில்லை."

கொழுவல்களைப் பற்றி அவர் கேட்கவில்லை. "அப்ப பிள்ளையளே வெட்டட்டும்," என்று கையொப்பமிட்டார்.

மழுங்கிய கத்தரியை என்னிடமே தந்துவிட்டார், மேசையில் வைத்து. வீட்டுக்கு வந்து, தேநீருக்காகப் பால்மாப் பைக்கற்றை அதனால் வெட்டினேன். அந்த வேலைக்கு அது போதும். வெட்டி முடிந்ததும் மேசையில், அவளது கதிரைப் பக்கமாக வைத்தேன். தேநீர் குடித்து முடியும்வரை அது அங்கேயே இருந்தது. பிறகு நானே எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்தேன்.